தூக்கிக் கொடுக்க மட்டும் ஒரு பிள்ளை

கல்யாணமான யூதப் பெண் தன் முடியை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் இஸ்ரேலில் எங்கள் ஊரான பினே பிராக்கில் விக் அலசிச் சுருட்டிக் கொடுக்கிறவளுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அந்தத் தொழிலில் இருப்பவர்களில் ஹிண்டா கொஞ்சம் முரட்டுக் கை, ரொம்பவும் முரட்டு வாய். விக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால், “இதை வெச்சுக்கிட்டுப் பாத்திரம் தேச்சியா?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். அப்படியும் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். அவள் கை பட்ட விக் பண்டிகை முடியும்வரை நெற்றியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

ஹிண்டாவுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். ஊருக்குப் போதவில்லை. எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஏழு, எட்டு என்று பிள்ளைகள். மாடிப்படிக்கு அடியில் நிற்கும் தள்ளுவண்டிகளை நகர்த்தாமல் யாரும் மேலே ஏற முடியாது. ஹிண்டா அவற்றைத் தாண்டித் தினமும் ஏறினாள். ஏறும்போதே ஒருத்தி கதவைத் திறந்து, “கடவுள் மனசு வெச்சா அடுத்த வருஷம் உனக்கும்” என்பாள். ஹிண்டா கேட்டாளா? அவள் பாட்டுக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்தவள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் விருத்தசேதனம், அதாவது சுன்னத்து. அன்று தாயின் கையிலிருந்து குழந்தையை ஒரு பெண் வாங்கித் தன் கணவனிடம் கொடுக்க வேண்டும். அவன் அதை ஆண்கள் பக்கம் எடுத்துப் போவான். பிள்ளையில்லாத தம்பதியைக் கூப்பிட்டு இந்தக் காரியத்தைக் கொடுத்தால் அவர்களுக்குச் சீக்கிரம் பிறக்கும் என்று எங்கள் ஜனத்துக்கு ஒரு நம்பிக்கை. நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான். கெட்ட எண்ணத்தில் செய்தால் திருப்பித் திட்டலாம். கண்ணீர் மல்கக் குழந்தையை நீட்டுகிறவளை என்னவென்று திட்டுவது?

ஹிண்டா ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூக்கினாள். மண்டபம் முழுவதும் பார்க்க, வெள்ளைத் தலையணையில் கிடத்திய குழந்தையோடு நாலு எட்டு நடப்பாள். கணவர் லைபிஷ் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். கொடுத்துவிட்டுத் திரும்பினால் எல்லாக் கண்களும் அவள் வயிற்றில் இருக்கும். அவள் இன்னும் பெறவில்லை என்பதை ஊர் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு யாரும் செய்ய முடியாது.

பிறகு ஒரு நாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பேரன் பிறந்தான், தூக்கிக் கொடுக்க வேறு ஒரு இளம் ஜோடியைக் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. ஹிண்டாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. “இந்தச் செடி இனிமே காய்க்காதுன்னு தண்ணி ஊத்தறத நிறுத்திட்டாங்க” என்று என்னிடம் சொன்னாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அழுது முடித்ததும் கோபம் வந்தது. வந்த கோபம் இன்றுவரை போகவில்லை. போகவும் கூடாது.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பிற்பகலில் ஹிண்டா மற்ற வாடிக்கைக்காரிகளை உள்ளே விடமாட்டாள். அவளைப் போலப் பிள்ளையில்லாத எங்களை மட்டும் விடுவாள். ஆளுக்கொரு விக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். பார்ப்பவர்களுக்கு விக் அலசப் போகிறோம். உள்ளே போய்ப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தலையில் இருப்பதையும் கழற்றி வைத்துவிட்டு, மொட்டைத் தலையும் குட்டை முடியுமாக உட்கார்ந்து பேசுவோம். மூன்று வருஷமாக ஒரே பேருந்தில் என்னோடு டாக்டரிடம் போய் வந்து, ஒரு நாளும் முகம் கொடுக்காத பெண்ணை நான் அங்கேதான் முதல் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இந்த ஊரில் பிள்ளையில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அதற்காக டாக்டரிடம் போவது மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் தங்கை தம்பிகளுக்கு வரன் அமையாதாம்.

ஹிண்டாவின் வீட்டில் சட்டங்கள் உண்டு. அடுத்த வருஷம் உனக்கும் என்று யாரும் சொல்லக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. அங்கே பேசியது கதவைத் தாண்டக் கூடாது. பிள்ளை வரம் தரும் என்கிற மந்திரித்த நூல், புனிதர் சமாதி எண்ணெய், பண்டிகை நார்த்தம்பழத்தில் கிளறிய ஜாம் எதுவும் உள்ளே வரக் கூடாது. ஒரு தடவை புதிதாக வந்த பெண் அப்படியொரு ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஹிண்டா வாங்கி ரொட்டியில் தடவி எல்லோருக்கும் கொடுத்தாள்.

“சாப்பிடுங்கடி. இனிப்பா இருக்கு. அதுக்கு மேல இதுல ஒண்ணுமில்ல” என்றாள்.

ப்ரைனா வந்தது அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் முடிந்த பிறகு. ஒல்லியான பெண். கையைப் பிடித்தால் ஊசி குத்திய நீலம் தெரியும். கணவன் நஃப்தாலி, வேதபாடசாலையில் படிப்பவன், சாது. மாமியார் செர்னா அப்படியில்லை. எட்டு பெற்றவள், அதை ஒவ்வொரு வாக்கியத்திலும் எங்காவது நுழைத்துவிடுவாள்.

அந்த ஒன்பது வருஷத்தில் ப்ரைனாவுக்கு இரண்டு அறுவை. மாத்திரையில் முகம் வீங்கி, ஊசியில் முடி கொட்டி, அவளைப் பார்க்காத டாக்டர் இல்லை. நஃப்தாலியை ஒரு டாக்டரும் பார்க்கவில்லை. ஆண் விந்துவை வீணாக்கக் கூடாது என்று கட்டளை இருப்பதால், ஆணைச் சோதிக்க எங்கள் மதகுருவான ரப்பியிடம் அனுமதி கேட்க வேண்டும். பெண்ணைக் கீறிப் பார்க்க யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். ஆகவே முதலில் பெண், இரண்டாவதும் பெண், மூன்றாவதும் பெண்.

“ரப்பிகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?” என்று ஹிண்டா கேட்டாள்.

“அத்தை வேண்டாம்னுட்டாங்க. எங்க வம்சத்துல ஆம்பளைக்கு அப்படியெல்லாம் வராதுன்னாங்க.”

“வம்சத்த விடு. நீ போன் பண்ணு. இப்பவே.”

ப்ரைனா எங்கள் முன்னாலேயே ரப்பிக்குப் போன் செய்தாள். அவர் இரண்டு கேள்வி கேட்டார், அனுமதி கொடுத்தார், நல்லபடியாகட்டும் என்று வாழ்த்தி வைத்துவிட்டார். அவ்வளவுதான். கட்டளை இந்தப் பெண்ணை ஒன்பது வருஷம் ஊசியால் குத்தவில்லை. ஆண்பிள்ளைக்குக் கூச்சம், அவன் தாய்க்குக் கௌரவம். அவை இரண்டும் சேர்ந்து குத்தின.

சோதித்துப் பார்த்தார்கள். குறை நஃப்தாலியிடம் இருந்தது. ப்ரைனாவிடம் தொடக்கத்திலிருந்தே எதுவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ப்ரைனா இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோரும் செர்னாவை எப்படி எதிர்கொள்வது என்று பேச ஆரம்பித்துவிட்டோம். அவள் தலையை ஆட்டினாள்.

“இல்ல, யாருக்கும் சொல்லப்போறதில்ல. அவரு அழுதாரு. தங்கச்சி எட்டலுக்கு இப்பதான் வரன் பாக்கறாங்க. அண்ணனுக்கு இப்படின்னா அந்தப் பொண்ணை யாரு எடுப்பா? என் மேலயே இருந்துட்டுப் போகட்டும். ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தான நெனைக்கிறாங்க. புதுசா எனக்கு என்ன வரப்போகுது?”

ஹிண்டா கையில் இருந்த சீப்பை மேஜைமேல் வைத்தாள். பிறகு, “நானும் இதேதான் சொன்னேன்” என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

“லைபிஷுக்குத்தான் குறை. கல்யாணமாகி நாலாம் வருஷமே தெரியும். என் மேலயே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். சின்ன வயசு, காதல் வேற. ஒரு வருஷத்துச் சுமைன்னு நெனச்சேன். இருபத்தி மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் அந்த மனுஷன் ஒரு நாள்கூட, போதும் இறக்கி வைன்னு சொன்னதில்ல. புதுசா என்ன வரப்போகுதுன்னு கேட்ட இல்ல? வரும்டி. தினமும் வரும்.”

எனக்கு லைபிஷைத் தெரியும். தொப்பிக் கடைக்காரர். கறுப்புத் தொப்பிகளை ஆவியில் காட்டி விளிம்பை வளைத்துக் கொடுப்பார். அதிர்ந்து பேசாதவர், ஏழைகளிடம் காசு வாங்காதவர். தெருவெல்லாம் அவரை, “பாவம், தங்கமான மனுஷன், அவளோட காலம் தள்றாரு” என்று சொல்லும். நானும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அவர் கடையைத் தாண்டியபோது, உள்ளே நுழைந்து அந்த ஆவிக் குழாயை அவர் பக்கம் திருப்பலாமா என்று இருந்தது.

அதற்கடுத்த மாதம் நஃப்தாலியின் தம்பிக்கு மகன் பிறந்தான். குழந்தையைத் தூக்கிக் கொடுக்க நஃப்தாலியையும் ப்ரைனாவையும்தான் செர்னா கூப்பிட்டாள். கூப்பிடும்போதே கூடவே ஒன்றையும் சொன்னாள்.

“அடுத்த மாசம் உங்களுக்குப் பத்து வருஷம் முடியுது. இதுக்கும் பலன் இல்லேன்னா ரப்பிகிட்ட பேசித்தான் ஆகணும். நான் கல்நெஞ்சக்காரி இல்லம்மா. ஆனா எட்டு பெத்தவ வயித்துல பொறந்தவன் ஒண்ணுகூட இல்லாம போறத பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் பிள்ளையில்லை என்றால் கணவன் மணவிலக்குக் கொடுத்து வேறு பெண்ணைக் கட்டலாம் என்று எங்கள் பழைய சட்டத்தில் இருக்கிறது. இந்தக் காலத்தில் எந்த ரப்பியும் அதை யார்மேலும் சுமத்துவதில்லை. ஆனால் மிரட்டுவதற்கென்று மாமியார்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ப்ரைனாவுக்கு நஃப்தாலி மேல் உயிர். அவன் அம்மா பேச்சைத் தட்டாதவன். அவன் வாயைத் திறக்கவில்லை என்றால் அவளை இழப்பான். அவள் வாயைத் திறந்தால் கொடுத்த வாக்கை மீறினவள் ஆவாள். இந்த இடுக்கில் அவளைத் தள்ளிவிட்டு அவன் பாடசாலைக்குப் போய்ப் புத்தகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

ஹிண்டாவுக்கும் வாய் கட்டப்பட்டிருந்தது. ப்ரைனாவின் ரகசியம் செவ்வாய்க்கிழமைக்குச் சொந்தம், வெளியே எடுக்க முடியாது. ஆனால் அவளுக்கே சொந்தமான ரகசியம் ஒன்று இருந்தது. அன்று மாலை லைபிஷ் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்தாளாம்.

“செர்னா வீட்டு விருந்துல யாராச்சும் அந்தப் பொண்ண மலடின்னா, நம்ம கதைய நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லப்போறேன். முன்னாடியே உன்கிட்ட சொல்லிடறேன்.”

லைபிஷ் கரண்டியை நிறுத்தினார். “இத்தன வருஷம் என்னைச் சொல்லச் சொல்லி ஏன் கேக்கல?”

“கேக்காம நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

அவர் சூப்பைக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார். இதை என்னிடம் சொன்னபோது ஹிண்டா, “கிண்ணத்த நல்லாத்தான் கழுவினாரு” என்றாள்.

வியாழக்கிழமை காலை மண்டபம் நிறைந்திருந்தது. நடுவே மரத் தட்டி. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஹிண்டா அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் விக் சீவுகிறவள், நான் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி ஆசிரியை. அதனால் இருவருக்கும் அழைப்பு இருந்தது. ப்ரைனா குழந்தையை வாங்கினாள். தட்டியின் இடைவெளியில் நஃப்தாலி கைநீட்டி நின்றான், அவளைப் பார்க்காமல். குழந்தை கை மாறியது. செர்னா உரக்க, “இந்தத் தடவையாவது பலிக்கட்டும்” என்றாள். பெண்களெல்லாம் ஆமென் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற ஹிண்டா சொல்லவில்லை. பல் கடிபடும் சத்தம்தான் கேட்டது.

சடங்கு முடிந்து பந்தி ஆரம்பித்தது. மீன் வந்தது, நூடுல்ஸ் பணியாரம் வந்தது. தட்டிக்கு அப்பால் ஆண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். செர்னா ஒவ்வொரு மேஜையாக உபசரித்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தாள். அங்கே ப்ரைனா, ஹிண்டா, நான், எங்கள் ரப்பியின் மனைவி. செர்னா ஹிண்டாவின் தோளில் கை வைத்தாள்.

“ஹிண்டா, நீ அனுபவப்பட்டவ. இந்தப் பொண்ணுக்கு நீதான் எடுத்துச் சொல்லணும். ஆசை இருந்தா போதுமா, அவன் வாழ்க்கையும் பாக்க வேண்டாமா? தப்பா எடுத்துக்காத. நீ மட்டும் அன்னிக்கே லைபிஷ விட்டுக் கொடுத்திருந்தா, இன்னிக்கு அந்த நல்ல மனுஷனுக்குப் பேரப்பிள்ளைகளே இருந்திருக்கும்.”

அவளுக்குக் குரல் பெரிசு. அந்த நேரம் பார்த்து ஆண்கள் பக்கம் பாட்டும் முடிந்திருந்தது. ஹிண்டா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். வாயைத் திறக்கவும் செய்தாள். அதற்குள் தட்டிக்கு அப்பாலிருந்து லைபிஷின் குரல் வந்தது. அந்த மனுஷனுக்கு அவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

“செர்னா, என்னை யாருக்கு விட்டுக் கொடுத்திருந்தாலும் பிள்ளை பொறந்திருக்காது. குறை எனக்கு. ஹிண்டாவுக்கு ஒண்ணுமில்ல. கல்யாணமான நாலாம் வருஷத்துலேர்ந்து எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் அவளைப் பேசினத நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கேட்டுக்கிட்டே தொப்பி தேச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஹிண்டா நின்றது நின்றபடியே இருந்தாள். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபட்டது. நஃப்தாலியின் குரல்.

“அம்மா. எங்க வீட்லயும் அப்படித்தான். எனக்குத்தான். ப்ரைனாவுக்கு இல்ல.”

செர்னா கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவள் வாயிலிருந்து வந்தது மகன் பெயர் இல்லை, மருமகள் பெயரும் இல்லை. “ஐயோ, எட்டலோட வரன்” என்றாள். தூரத்தில் கேக் வெட்டிக்கொண்டிருந்த எட்டல் நிமிர்ந்து, “எனக்கு அப்படிப்பட்ட வரன் வேண்டாம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். பதினெட்டு வயதுப் பெண். அந்தக் குடும்பத்தில் முதுகெலும்பு அவளுக்குப் போயிருக்கிறது.

அந்தப் பக்கம் கசமுசவென்று பேச்சு கிளம்பியது. நான் தட்டியின் இடைவெளியில் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நஃப்தாலியைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள். கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “என்ன துணிச்சல்”, “இவன்தான் நேர்மையான பிள்ளை” என்றார்கள். ஒருவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். லைபிஷின் முதுகையும் நாலு பேர் தட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கமும் அதே கதை. அடுத்த மேஜைப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து ஹிண்டாவின் கையைப் பிடித்தாள்.

“ஹிண்டா, உன் புருஷன் எவ்வளவு பெரிய மனுஷன்.”

ஹிண்டா கையை உருவிக்கொண்டாள்.

“ஒரு தடவை வாயத் தொறந்தவரு பெரிய மனுஷன். சரி. இருபத்தி மூணு வருஷம் வாய மூடிக்கிட்டு உங்க எல்லார் பேச்சையும் கேட்டவளுக்கு என்ன பேரு வெச்சீங்க? மலடி. இப்ப அதை மாத்தி தியாகின்னு வெக்காதீங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம். அதோ அந்தப் பொண்ணு கையில ஊசி குத்தின தடம் இருக்கு. ஒருத்தியாவது போய் வலிச்சுதான்னு கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. ப்ரைனா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அதுவரை எதுவும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரப்பியின் மனைவி வாயைத் துடைத்துக்கொண்டார். கனிவான அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார்.

“செர்னா, பத்து வருஷம்னு சொல்லிக்கிட்டு இருந்தியே. அதுல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. குறை அவன்கிட்டன்னா, எனக்குப் பிள்ளை வேணும், என்னை விடுதலை பண்ணுங்கன்னு கேக்கற உரிமை இவளுக்கு உண்டு. இவ கேட்டா ரப்பி மறுக்க மாட்டார்.”

செர்னாவுக்கு அது உள்ளே இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் அவள் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எட்டு பெற்றவள், ஒன்பது வருஷமாக மருமகளை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனவள், அந்த வாசல் மருமகளுக்கும் திறக்கும் என்று அன்றுவரை யோசித்ததே இல்லை. ஹிண்டாவைப் பார்த்தாள்.

“ஹிண்டா, நீ சொன்னா கேப்பா. கொஞ்சம் சொல்லேன்.”

“நான் யாருக்கும் புத்தி சொல்றதில்ல” என்றாள் ஹிண்டா.

செர்னா நாற்காலியை இழுத்துக்கொண்டு ப்ரைனாவின் பக்கத்தில் வந்தாள். ஊசித் தடம் உள்ள அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கையைப் பிடிப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“கண்ணு, நஃப்தாலி தாங்கமாட்டான்மா. நீ அவனை விட்டுட்டுப் போயிட மாட்டியே?”

ப்ரைனா கையை விடுவித்துக்கொண்டு, சுத்தம் செய்த மீன் துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். மேஜை முழுவதும் காத்திருந்தது.

“பத்து வருஷம் ஆக இன்னும் ஒரு மாசம் இருக்கே அத்தை” என்றாள். “ஆகட்டும். பாக்கலாம்.”